ஆர்.எச்.எஸ். இரண்டாம் நிலை: எங்கே பதிவு செய்வது?

தோட்ட வேலைக்கு மாற நினைப்பதாகவும், ஆர்.எச்.எஸ். எனப்படும் பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைக் கழகத்தின் இரண்டாம் நிலைச் சான்றிதழ் படிப்பில் லண்டனில் எங்கே சேர்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாவரவியல் படிக்காதவர் என்பதால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. இரண்டாம் நிலைக்கு முன்தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆனால் விண்ணப்பத்தை நீங்கள் சேரவிருக்கும் பயிற்சி மையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கழகத்தின் இணையதளத்தில் சேர்க்கைப் படிவமே கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாடத்திட்டத்தை வகுத்துச் சான்றிதழ் தருவது கழகம் என்றாலும், சேர்த்துக்கொண்டு கற்பிப்பவை பெரும்பாலும் அது அங்கீகரித்த கல்லூரிகளும் தொலைநிலைக் கல்வி நிறுவனங்களும் என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

1. கழகத்தின் அங்கீகார மையப் பட்டியலில் லண்டனில் உங்களுக்கு அருகிலுள்ள மையத்தைப் பாருங்கள்.

2. அவர்கள் நடத்துவது கோட்பாட்டுப் பாடமா, செய்முறையா என்று கேளுங்கள். இரண்டும் தனித்தனிச் சான்றிதழ்கள். வேலைக்குச் செல்பவர் கோட்பாட்டை வீட்டிலிருந்தே படிக்கலாம். செய்முறைக்கோ, தண்டில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிப் நட்டு வேர்விடச் செய்வதற்கான குச்சி எடுப்பது போன்றவற்றை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டியிருப்பதால், நேரில் போகத்தான் வேண்டும். தோட்ட வேலைக்கே மாற நினைக்கும் உங்களுக்குச் செய்முறையை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்வேன்.

3. தேர்வுக் கட்டணம் பயிற்சிக் கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் அது தனி.

பாடத்திட்டம் 2022இல் மாற்றப்பட்டது. ஆகவே பழைய கையேடுகளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதற்கு முன், மையத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.