தின்பவரெல்லாம் விதைப்பவரில்லை: கேள்வி பதில்

மேற்கு மாம்பலம்: சார், மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் அரசங்கன்று. வெட்ட வெட்ட வருது. அங்கே யார் விதை போட்டது?

காக்கா, மைனா, குயில், கொண்டைக்குருவி, இதில் ஏதோ ஒன்று. ஒரு அரசம்பழத்தை நசுக்கிப் பாருங்கள். கடுகைவிடச் சின்ன விதைகள் ஏராளமாக இருக்கும். அவ்வளவு பொடிசு என்பதால் பறவை கடிக்காமல் அப்படியே விழுங்கிவிடும். பிறகு தொட்டி விளிம்பில் வந்து உட்காரும். எச்சத்தோடு விழும் விதையைச் சுற்றி வழவழப்பான பசை இருப்பதால் விரிசலில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கசிவு இருந்தால் போதும், முளைத்துவிடும். ஈசிஆர் பக்கம் பனைமரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஆலமரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மட்டை இடுக்கில் பறவை போட்ட விதை. ஆலும் அரசும் இன்னொரு மரத்தின் மேல் பிறந்து வளரத் தெரிந்தவை. உங்கள் சுவர் அவற்றுக்கு ஒரு பனை. மேலே வெட்டிப் பயனில்லை. சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்து, விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள்.

அண்ணா நகர்: வாசலில் பாதாம் மரம். ராத்திரி வௌவால் வந்து கார் முழுக்க சக்கை. நிபா பயம் வேற. மரத்தை வெட்டிடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். பழந்தின்னி வௌவால் பல நேரம் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய்த்தான் தின்னும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். பாதாம் கொட்டை பெரிது, அதைக் கீழே போட்டுவிடும். ஆலம்பழ விதை மாதிரிப் பொடி விதைகள் வயிற்றுக்குள் போய், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள்ளேயே வெளியே வரும். பறவை பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் எச்சமிடும். வௌவால் பறந்தபடியே போடும். மரமே இல்லாத பொட்டல் வெளிக்கும் விதை போவது அதனால்தான். இரவில் இந்த வேலையைச் செய்ய நம் ஊரில் இதைவிட நல்ல ஆள் இல்லை.

நிபா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது உண்மை. கடிபட்ட பழத்தைத் தின்னாதீர்கள். சக்கையை வெறுங்கையால் தொடாமல் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். காருக்கு ஒரு உறை போடுங்கள்.

வேளச்சேரி: புதர் ஓரம் நடந்தால் பேண்ட்டில் ஒட்டுவதும் விதையா?

ஆமாம், நாயுருவியாக இருக்கும். விலங்கின் ரோமத்தில் தொற்றிப் பயணம் போவது அதன் வழி.

திருவான்மியூர்: என் பொண்ணு மூணாங்கிளாஸ். கிளி தின்ற பழத்து விதை முளைக்குமான்னு கேட்கிறா. கிளிக்கு மிளகாய் காரமா இருக்காதான்னும் கேட்கிறா.

நல்ல கேள்விம்மா. கிளி பெரும்பாலும் விதையையே உடைத்துப் பருப்பைத் தின்றுவிடும். அதனால் முளைப்பது குறைவு. காரம் அதற்குத் தெரியாது. நம் நாக்கை எரிக்கும் கேப்சைசின் பறவையின் நரம்பை உசுப்புவதில்லை. மிளகாயின் தாய்மண் அமெரிக்கக் கண்டம். அங்கே காட்டு மிளகாயை எலி கடித்தால் விதை நொறுங்கிவிடும்; சின்னப் பறவை விழுங்கினால் முழுசாக வெளியே வரும். காரம் எலியை விலக்கிவிட்டுப் பறவைக்குப் பழத்தை வைத்திருக்கிறது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

தாம்பரம்: ஏரிக்கரையில் சீமைக்கருவேலம் அடங்கவே மாட்டேங்குது. ஆடு மேய்ச்சா குறையுமா?

குறையாது, அதிகமாகத்தான் ஆகும். நெற்று இனிப்பு, விதைத்தோல் கெட்டி. ஆடு மாடு தின்றாலும் நிறைய விதை சாகாமல் புழுக்கையிலும் சாணியிலும் வரும். குஜராத்தின் வேளாவதரில் வெளிமான்களே இதைப் பரப்புகின்றன. நெற்று பழுக்கும் முன் வேரோடு தோண்டுங்கள்.

நங்கநல்லூர்: போன வருஷம் எடுத்து வைத்த வேப்பங்கொட்டை ஒண்ணுகூட முளைக்கலை.

வேப்பவிதையின் உயிர் சில வாரம்தான். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது புதிதாக எடுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், கழுவிவிடுங்கள். காக்காவும் குயிலும் பழத்தை விழுங்கிச் சதையை எடுத்துக்கொண்டு கொட்டையைக் கக்கிவிடும். அவை அடையும் மரத்தடியில் வெள்ளையாகக் கிடப்பதைப் பொறுக்கி, அந்த வாரமே ஓரங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.