ஒரே மூளை, இரண்டு அணிகள்

எட்மன்டன் ஆயிலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி பற்றி எழுதும்போதெல்லாம் நீங்கள் பீட்டர் ஷியரெல்லியைத் திட்டாமல் விடுவதில்லை. ஆட்டக்காரர்களை வாங்கி விற்று அணியைக் கட்டும் ஜெனரல் மேனேஜராக அங்கே இருந்தவர், அதற்கு முன் பாஸ்டன் அணியிலும் அதே வேலை. பாஸ்டனில் ஃபில் கெஸ்ஸலை விற்று 2011இல் என்எச்எல் லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவர் மேதை. எட்மன்டனில் டெய்லர் ஹாலை விற்றபோது முட்டாள். மூளை ஒன்றுதானே? ஒரு டிரேடின், அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதன், பலன் நாலைந்து வருடம் கழித்துத்தான் தெரிகிறது. எல்லாம் நடந்து முடிந்தபின் ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்கிறோம். ஒரு ஜெனரல் மேனேஜரை எதை வைத்துத்தான் மதிப்பிடுவது? அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாமா?

ர., ஸ்கார்பரோ

அன்புள்ள ர.,

விட்டுவிட முடியாது. ஆனால் நடந்தபின் தீர்ப்பு சொல்வது பற்றி நீங்கள் சொன்னது நியாயம், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டிராஃப்ட் என்பது அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது. 2015 டிராஃப்டில் எட்மன்டனின் 16ஆவது, 33ஆவது தேர்வுகளை நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்குக் கொடுத்து, தற்காப்பு வீரர் கிரிஃபின் ரைன்ஹார்ட்டை ஷியரெல்லி வாங்கினார். 16ஆவது தேர்வில் ஐலண்டர்ஸ் எடுத்தது, பின்னால் நட்சத்திரமான மேத்யூ பார்சலை. பார்சலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று இன்றுவரை புலம்புகிறார்கள். அந்தத் தேர்வு ஆயிலர்ஸ் கையிலேயே இருந்திருந்தால் பார்சலைத்தான் எடுத்திருப்பார்கள் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் இந்த டிரேடைக் குறை சொல்ல பார்சல் தேவையே இல்லை. ரைன்ஹார்ட் 2012இல் நாலாவதாக எடுக்கப்பட்டவர், எட்மன்டனிலேயே ஜூனியர் ஆடி 2014இல் கனடா ஜூனியர் ஹாக்கியின் மெமோரியல் கோப்பை வென்ற அணியின் கேப்டன், ஊர் நன்றாக அறிந்த பையன், அதெல்லாம் சரி. ஆனால் மூன்று வருடத்தில் அவர் என்எச்எல் லீக் ஆட்டங்களில் களமிறங்கியது எட்டே முறை. 2012இல் இருந்த விலையை 2015இல் கொடுத்தார்கள். இது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்த விஷயம். நான் பார்ப்பது இதைத்தான்: அன்று அவர் கையில் என்ன தகவல் இருந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்.

இப்போது பாஸ்டன். கெஸ்ஸல் டிரேடால்தான் கோப்பை வந்தது என்பது பலரும் சொல்வது, எனக்கு அதில் உடன்பாடில்லை. கெஸ்ஸலுக்கு ஒப்பந்தம் படியவில்லை, லீக் வைத்த அணிச் சம்பள உச்சவரம்பும் இடிக்கிறது, அந்த நெருக்கடியிலும் 2009 செப்டம்பரில் டொரண்டோவிடமிருந்து இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வையும் வாங்கியது பிரமாதமான வேலை, அதை மறுக்கவே மாட்டேன். கீழே முடிக்கும் அணிக்குத்தான் முன்வரிசைத் தேர்வு என்பதால், டொரண்டோ மோசமாக ஆடியதில் ஒரு தேர்வு டைலர் செகின் ஆனது, அடுத்த வருடத்தது டூகி ஹாமில்டன். ஆனால் 2011 கோப்பையின்போது செகின் புதுப் பையன், கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளான பிளேஆஃபில் பாதி ஆட்டம் வெளியே உட்கார்ந்திருந்தார். ஹாமில்டன் அப்போது டிராஃப்டே ஆகவில்லை. கோப்பை வென்ற அணியின் தூண்களான பெர்ஜரான், கிரேச்சி, டிம் தாமஸ் மூவரும் ஷியரெல்லிக்கு முன்பே அங்கே இருந்தவர்கள். மார்ஷண்ட், லூசிச், ராஸ்க் வந்தது 2006 கோடையில், அவர் நாற்காலியில் முழுசாக உட்காருவதற்குள், ஜெஃப் கோர்ட்டன் இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

அவர் செய்தது வேறு. டெனிஸ் சைடன்பர்க், நேதன் ஹார்ட்டன், கிரெகரி கேம்ப்பெல், கிறிஸ் கெல்லி, ரிச் பெவர்லி என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார். 2011 பிளேஆஃபில் மான்ட்ரியலுக்கு எதிரான தொடரின் முடிவான ஏழாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் கோல் அடித்தது ஹார்ட்டன், டாம்பா பேவுடனான ஏழாவது ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையதுதான். கட்டி முடித்த அணியில் எது குறைகிறது என்று பார்த்து அதை வாங்கிவந்து பொருத்துவதில் அந்த மனிதருக்கு நல்ல கண் இருந்தது.

எட்மன்டனில் அவரிடம் இருந்தது கட்டி முடித்த அணி இல்லை. லீக்கின் பெரும் நட்சத்திரமாகப்போகும் கானர் மெக்டேவிட் டிராஃப்டில் அப்போதுதான் வந்திருக்கிறார், ஹால், எபர்லி, ட்ரைசைட்டில் என்று தாக்குதலில் திறமைக்குக் குறைவில்லை, தற்காப்புதான் ஓட்டை. 2016 ஜூன் 29 அன்று ஹாலைக் கொடுத்து ஆடம் லார்சனை வாங்கினார், ஒன்றுக்கு ஒன்று, கூட ஒரு தேர்வுகூட வாங்கவில்லை. வலது கை தற்காப்பு வீரர்கள் சந்தையில் கிடைப்பது அரிது, லார்சன் நல்ல ஆட்டக்காரர், அதனால் இதை மட்டும் தனியாக எடுத்து வாதாடினால் ஷியரெல்லி பக்கமும் கொஞ்சம் பேசலாம். ஆனால் இரண்டே நாளில், ஜூலை 1 அன்று, மிலன் லூசிச்சுக்கு ஏழு வருடம், வருடத்துக்கு 60 லட்சம் டாலர். ஹாலின் சம்பளமும் அதே 60 லட்சம்தான். ஆக, 24 வயது இடது விங்கரை அனுப்பிவிட்டு அதே காசுக்கு, அதே இடத்துக்கு, 28 வயதுக்காரரை ஹாலின் ஒப்பந்தத்தைவிட மூன்று வருடம் அதிகமாக எடுத்துக்கொண்டார். இரண்டையும் சேர்த்து ஒரே முடிவாகப் படித்துப் பாருங்கள், வாதாட ஒன்றும் மிஞ்சாது. லூசிச் முதல் வருடம் (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) 50 புள்ளி எடுத்தார், அடுத்து 34, அடுத்து 20. உடம்பை வைத்து முட்டி மோதி ஆடுபவர்கள் முப்பதை நெருங்கும்போது இறங்குவது புதிதா என்ன? பாஸ்டனில் ஜெயித்த அதே பலசாலி அணியை, லீக் முழுக்க வேகத்துக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில், திரும்பக் கட்டப் பார்த்தார். ஹால் 2018இல் லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது வாங்கியதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்புறம் எபர்லி. 2017 பிளேஆஃபில் 13 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை, உடனே ரயன் ஸ்ட்ரோமுக்கு மாற்றினார். அடுத்த வருடம் ஸ்ட்ரோம் தடுமாறியபோது அவரைக் கொடுத்து ரயன் ஸ்பூனர். ஒவ்வொரு முறையும் ஆட்டக்காரரின் விலை அடிமட்டத்தில் இருக்கும்போது விற்கிறார். ஒரு தடவை என்றால் துரதிர்ஷ்டம் என்று விடலாம். இதற்குள் மெக்டேவிட் புதுமுக ஒப்பந்தத்தில், அற்பச் சம்பளத்தில் ஆடிய மூன்று வருடமும் ஓடிப்போனது. அந்த மூன்றில் பிளேஆஃப் பார்த்தது ஒரே ஒரு வருடம். எனக்கு ஆறாதது எந்தத் தனி டிரேடும் இல்லை, இதுதான். அப்படி ஒரு ஆட்டக்காரர் அந்த விலையில் இனி அந்த ஊருக்கு எப்போது கிடைப்பார்?

அவர் செய்த நல்லதையும் சொல்லியாக வேண்டும். 2017இல் ட்ரைசைட்டிலுக்கு எட்டு வருடம், வருடத்துக்கு 85 லட்சம் டாலர் கொடுத்தபோது அதிகம் என்று கத்தினார்கள், லீக்கிலேயே மலிவான ஒப்பந்தங்களில் ஒன்றாக அது முடிந்தது. 2019 ஜனவரியில் வேலையை விட்டுத் துரத்தப்பட்ட ஆளின் காலத்தில் டிராஃப்ட் ஆனவர்கள்தான் கோல்கீப்பர் ஸ்டூவர்ட் ஸ்கின்னரும், தற்காப்பில் எவன் பூஷாரும். 2024, 2025 இரண்டு இறுதித் தொடர்களிலும் ஆயிலர்ஸுக்கு அவர்கள் இருவரும் ஆடினார்கள். இரண்டையும் ஃப்ளோரிடாவிடம் தோற்றார்கள் என்றாலும், அங்கே போய்ச் சேர்ந்ததில் ஷியரெல்லிக்கும் ஒரு பங்கு உண்டு. அதைக் கொடுத்துவிட்டுத்தான் திட்டுகிறேன்.