கேள்வி–பதில்: ஹைஸ்மன் வாங்கியவர் பெஞ்சில் உட்கார்ந்த கதை

கேள்வி: 1966இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கியவர் ஸ்டீவ் ஸ்பரியர். புரொஃபஷனல் ஆட்டத்தில் அவர் பெயர் ஏன் அவ்வளவாக அடிபடவில்லை?

பதில்: ஆட இடம் கிடைத்தால்தானே பெயர் அடிபடும்! புரொஃபஷனல் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் 1967 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக அவரை எடுத்தது சான்ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ். அங்கே 1957 முதலே குவார்ட்டர்பேக்காக ஜான் பிரோடி இருந்தார். 1970இல் புரொஃபஷனல் லீகான என்.எஃப்.எல்.லின் சிறந்த வீரர் விருதும் பிரோடிக்குத்தான். கிரிக்கெட்டில் ஆறாவது பேட்ஸ்மேனாகவாவது உள்ளே நுழையலாம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு அணியில் ஒரே ஒரு இடம். அதனால் ஸ்பரியர் பெரும்பாலும் பெஞ்சில் இருந்தார். முதல் சில வருடங்கள் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் பன்ட்டர் வேலையையும் பார்த்தார். 1972இல் பிரோடி காயம்பட்டபோது உள்ளே வந்து நன்றாகவே ஆடினார், அணி பிரிவுப் பட்டமும் வென்றது. பிரோடி திரும்பியதும் மறுபடி பெஞ்ச். அதே டிராஃப்டில் நான்காவதாகப் போனவர் பாப் கிரீசி. ஹைஸ்மன் ஓட்டெடுப்பில் ஸ்பரியருக்கு அடுத்தபடியாக வந்த அவர், மயாமிக்கு ஆடி, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை இரண்டுமுறை வென்றார். போய்ச் சேரும் வீடும் முக்கியம்.

ஸ்பரியரின் கடைசி சீசன் 1976, புதிதாகத் தொடங்கிய டாம்பா பே அணியில். 14 ஆட்டம், 14 தோல்வி.

கேள்வி: உதைக்கவும் செய்வாரா? குவார்ட்டர்பேக் எறிபவர் அல்லவா?

பதில்: ஹைஸ்மனுக்கு வழி செய்ததில் ஒரு உதைக்கும் பங்கு உண்டு. 1966 அக்டோபரில் ஆபர்ன் அணியுடன் 27–27 என்ற நிலையில், கடைசி நிமிடங்களில், வழக்கமாக உதைப்பவரை விட்டுவிட்டுத் தானே 40 யார்டு தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடித்தார். ஃபீல்டு கோலுக்கு 3 புள்ளி. 30–27 என்று ஆட்டம் கையில் வந்தது.

கேள்வி: பெஞ்சில் இருந்தவர் எப்படி இவ்வளவு பெரிய கோச் ஆனார்?

பதில்: நேராக ஏறிப் போகவில்லை. 1978இல் ஃபுளோரிடாவில் துணைக் கோச். சீசன் முடிந்ததும் தலைமைக் கோச்சின் வேலை போனது, இவருடையதும் போனது. 1979இல் ஜார்ஜியா டெக். அங்கும் ஒரே வருடம். 1980இல் டியூக் பல்கலைக்கழகம் அட்டாக் முழுவதையும் அவர் கையில் கொடுத்தது. பிறகு என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியான யு.எஸ்.எஃப்.எல். என்ற லீகில் டாம்பா பே பாண்டிட்ஸின் தலைமைக் கோச். 1987இல் தலைமைக் கோச்சாக டியூக் திரும்பி, 1989இல் அந்த அணியைத் தன் லீகின் கூட்டுச் சாம்பியன் ஆக்கினார். 1962க்குப் பிறகு டியூக்குக்கு அது முதல் பட்டம்.

டியூக்கில், முன்வரிசையில் நின்று மோதும் பலசாலி லைன்மேன்கள் குறைவு. முட்டி மோதி ஓடும் ஆட்டம் அங்கே எடுபடாது, எறிந்துதான் பிழைக்க வேண்டும். அந்தப் பாடத்தை 1990இல் ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார். ஃபுளோரிடா ஆடும் தென்கிழக்கு லீகில் அப்போது ஓட்டமே பிரதானம். ஸ்பரியரின் முறை வேறு. பந்து கைக்கு வருமுன் தடுப்பாட்டக்காரர்கள் நிற்கும் நிலையைக் குவார்ட்டர்பேக் படிக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்த இடத்திலேயே ஆட்டத்தை மாற்ற வேண்டும். பந்தைப் பிடிக்கும் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். பட்டம் என்று கணக்கில் ஏறியது எதுவுமே இல்லாத ஃபுளோரிடா, அவர் காலத்தில் ஆறு லீக் பட்டம் எடுத்தது. 12 சீசன்: 122 வெற்றி, 27 தோல்வி, 1 சமன்.

கேள்வி: 1996 தேசியப் பட்டத்தில் 'ஷாட்கன்' என்று ஏதோ சொல்கிறார்களே?

பதில்: சின்னக் கணக்குதான். அட்டாக்கில் 11 பேர். குவார்ட்டர்பேக் ஒருவர், லைன்மேன்கள் ஐவர், மிச்சம் ஐவர். அந்த ஐவரையும் பந்து பிடிக்க அனுப்பினால் காவலுக்கு ஐந்தே பேர். எதிரணி ஆறு பேரை ஏவினால் ஒருவர் தடையின்றி வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பார். ஸ்பரியரின் பாணியில் இந்த விலை எப்போதும் உண்டு. 1996 நவம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் அணி, ஃபுளோரிடாவின் குவார்ட்டர்பேக் டேனி வெர்ஃபலை விழுத்தி எழுப்பி 24–21 என்று வென்றது.

ஜனவரி 2, 1997, நியூ ஆர்லியன்ஸ். மறுபடி அதே எதிரி. வழக்கமாக, பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரை ஒட்டி நின்று பந்து வாங்கிப் பின்னால் ஓடும் வெர்ஃபலை, ஸ்பரியர் இந்தமுறை ஐந்தாறு யார்டு பின்னாலேயே நிறுத்தினார். அதுதான் ஷாட்கன். பின்வாங்கும் நேரம் மிச்சம். முகம் முதலிலிருந்தே எதிரணியைப் பார்த்திருக்கும். இதில் ஒரு குறையும் உண்டு: பந்து பறந்து வருகிற கணத்தில் கண் அதன்மேல் இருந்தாக வேண்டும். 52–20 என்று ஃபுளோரிடா வென்று தேசியப் பட்டத்தை எடுத்தது. வெர்ஃபலுக்கும் அந்த வருட ஹைஸ்மன். ஹைஸ்மன் வாங்கிய ஒருவர் இன்னொரு ஹைஸ்மன்காரரை உருவாக்கியது அதுதான் முதல்முறை.

கேள்வி: அப்புறம் என்.எஃப்.எல்.லில் வாஷிங்டன் அணியின் கோச்சாக ஏன் சறுக்கினார்?

பதில்: அதே கணக்கு, இந்தமுறை விடை வரவில்லை. 2002இல் ஐந்து வருடத்துக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தம். இரண்டு சீசனில் 12 வெற்றி, 20 தோல்வி, தானே விலகினார். கல்லூரியில் ஆள் தேடிப் பிடித்து எதிரணியைவிட வேகமான ரிசீவர்களைச் சேர்க்கலாம். என்.எஃப்.எல்.லில் 53 பேர், சம்பள உச்சவரம்பு. எதிரில் நிற்பவனும் உங்களவனுக்கு நிகரானவன். மைதான அகலம் இரண்டிலும் 160 அடிதான், ஆனால் ஆட்டம் தொடங்கும் உள்கோடுகளின் இடைவெளி கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18½ அடி. பந்து ஒரு உள்கோட்டில் இருந்தால் கல்லூரியில் ஒரு பக்கம் 100 அடி திறந்து கிடக்கும். என்.எஃப்.எல்.லில் 90கூட இல்லை. இதற்கெல்லாம் மேலாக, காவலுக்கு ஆள் குறைத்தே அனுப்பினார். 2003இல் இளம் குவார்ட்டர்பேக் பேட்ரிக் ராம்ஸி அடிமேல் அடி வாங்கி, சீசன் முடியுமுன் காயத்தோடு வெளியேறினார். பழைய ஃபுளோரிடா மாணவர்களைக் கூட்டி வந்ததும் உதவவில்லை. சோம்பல், கோல்ஃப் என்று பலர் எழுதினார்கள். எங்களுக்கு அது பெரிய காரணமாகத் தெரியவில்லை. லைன் பலமாக இருந்திருந்தால் கோல்ஃபைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: அத்தோடு முடிந்ததா?

பதில்: இல்லை. 2005 முதல் சவுத் கரோலைனா. 2011, 2012, 2013 மூன்று சீசனிலும் தலா 11 வெற்றி. 2015 அக்டோபரில் சீசன் நடுவிலேயே விலகினார். 2019இல் புது லீக் ஒன்றில் ஆர்லாண்டோவுக்குக் கோச். எட்டு ஆட்டத்தில் ஏழு வென்று முதலிடத்தில் இருந்தபோது லீகையே இழுத்து மூடிவிட்டார்கள்.