பாதியில் நிற்கும் விடைத்தாள்

கேள்வி: என் மகன் தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் நான்காம் படிவம் பயில்கிறான். தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்தே வாசிப்பில் மெதுவானவன். காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தைத் தாண்டாது. வகுப்பாசிரியர் சோம்பல் என்கிறார். டியூஷனுக்கு அனுப்பியும் பயனில்லை. அண்மையில் தனியார் உளவியலாளர் ஒருவர் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வு. பள்ளியில் எதைக் கேட்பது? ஓ.கே.யு. என்னும் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று மாமியார் அஞ்சுகிறார்.
– தாய் ஒருவர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, முதலில் மகனின் பழைய விடைத்தாள்களை எடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். முதல் சில கேள்விகளுக்குச் சரியான விடையும், கடைசிப் பக்கங்களில் வெறுமையும் இருந்தால், அவனுக்குப் பற்றாமல் போனது அறிவன்று, நேரம் என்பது எவர் கண்ணுக்கும் புலப்படும். வரலாற்றுப் பாடத்தில் ஓர் இயலை நீங்கள் உரக்க வாசித்து, அவனை வாய்மொழியாக விடை சொல்ல வைத்து, அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். உளவியலாளரின் அறிக்கையோடு இவ்விரண்டையும் பள்ளிக்குக் கொண்டு சென்றால், சோம்பல் என்ற பேச்சுக்கு நீங்கள் வாதாடிப் பதில் சொல்ல வேண்டியிராது. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர் இக்குறைபாட்டை மருத்துவ இதழில் விவரித்தபோது அவர் எடுத்துக்காட்டிய சிறுவனுக்கு வயது 14. பாடங்களை முழுக்க வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியில் அவனே முதல்வனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் அன்றே சொல்லியிருக்கிறார்.

ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும், மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டுவிட்டதால், உங்கள் மகனைப் போன்றவர்கள் எதிர்கொள்ளும் முதல் அரசுத் தேர்வே எஸ்.பி.எம். ஆகிவிட்டது. அதனால்தான் ஐந்தாம் படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். சிறப்புத் தேவையுள்ள தேர்வர்களுக்குக் கூடுதல் நேரம், தனி அறை, கேள்வியை வாசித்துக் காட்டும் உதவியாளர் போன்ற சலுகைகளைத் தேர்வு வாரியம் தேவைக்கேற்ப அனுமதிக்கிறது. ஆனால் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். தேர்வுக்குப் பெயர் பதியும் காலத்திலேயே சான்றுகளோடு போக வேண்டும். தனியார் அறிக்கை மட்டும் போதுமா என்பதை இப்போதே பள்ளியில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அரசு மருத்துவமனையின் உறுதிப்பாடு தேவை என்றால், அருகிலுள்ள சுகாதார மருந்தகத்தில் (கிளினிக்கில்) பரிந்துரைக் கடிதம் பெற்று, முன்பதிவை இந்த மாதமே செய்துவிடுங்கள். அங்கே வரிசை நீளம்.

ஆலோசனை ஆசிரியரை நேரில் சந்தியுங்கள். சந்தித்துப் பேசியதை அன்றிரவே கடிதமாக எழுதித் தலைமையாசிரியருக்கும் ஒரு படி கொடுங்கள். வாய்ப்பேச்சு ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது அவரோடு போய்விடும். கடிதம் கோப்பில் தங்கும். பள்ளித் தேர்வுகளிலேயே கூடுதல் நேரம் கொடுத்துப் பார்க்குமாறும், வெண்பலகையில் உள்ளதைப் படியெடுக்க வைக்காமல் குறிப்புகளை அச்சிட்டுத் தருமாறும், முன்னறிவிப்பின்றி எழுந்து உரக்க வாசிக்கச் சொல்லாதிருக்குமாறும் அதில் கேளுங்கள். மூன்றாவது கோரிக்கைக்குச் செலவே இல்லை. பதின்ம வயதுப் பையனுக்கு அதுதான் பெரிய நிம்மதி. சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றிவிடலாம் என்று யாரேனும் சொன்னால், உடனே தலையாட்ட வேண்டாம். 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகளில் மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் பயிலும் உள்ளடங்கிய கல்வித் திட்டத்துக்கும் இடமுண்டு.

அட்டையைப் பற்றி: 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி இது விரும்பிச் செய்யும் பதிவு, டிஸ்லெக்சியா அதில் கற்றல் பிரச்சினை என்ற பிரிவில் அடங்கும். மருத்துவர் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தைச் சமூக நலத்துறையிடம் கொடுக்க வேண்டும். மாமியாரின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நம் உறவுகள் கல்யாண வீட்டில் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ‘சோம்பேறி’ என்ற முத்திரையை ஒன்பது ஆண்டுகளாக அவன் சுமந்துகொண்டுதானே இருக்கிறான்? அட்டை அவன் பணப்பையில் இருக்கும். யாரிடம் காட்டுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். கோலாலம்பூரிலேயே மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது. வாசிப்புப் பயிற்சிக்கு அவர்களை அணுகுவது, இன்னொரு டியூஷனுக்குப் பணம் கட்டுவதைவிட மேல்.

கேள்வி: என் பேரனுக்கும் இதே குறைபாடு. மூன்று மொழிகளும் சேர்ந்து குழப்பியதுதான் காரணம் என்கிறார்கள். தமிழை நிறுத்திவிடலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: பல மொழி கற்பதால் டிஸ்லெக்சியா வருவதில்லை, அது பிறவியிலேயே மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு. ஒவ்வொரு மொழியிலும் அதன் முகம் மட்டும் மாறும். மலாயில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதால், பிழையில்லாமல் ஆனால் மிக மெதுவாக வாசிப்பான். ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். தமிழில் ‘கொ’ என்று எழுதும்போது, பின்னால் ஒலிக்கும் உயிருக்குரிய கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, துணைக்கால் பின்னால் வருகிறது. அவ்விடத்தில் தடுமாறுவான், ல, ள, ழ மூன்றிலும் தடுமாறுவான். அதற்காக வீட்டில் தமிழ் பேசுவதையும் கதை வாசித்துக் காட்டுவதையும் நிறுத்தினால் குறைபாடு குறையப் போவதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்ப் பாடத்தை எடுப்பதா என்பது வேறு கேள்வி. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றால்தான் சான்றிதழ் என்பதால், அவ்விரண்டுக்கும் போக எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பேரனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்து, அவன் விருப்பத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.