தையல் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வேண்டிய சுடிதார் டாப்ஸை நானே தைத்துக்கொள்கிறேன். சமீபத்தில் பக்கத் தையலுக்குள் மறைவாக ஒரு பாக்கெட் வைத்தேன். கைப்பேசியைப் போட்டால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு தொங்குகிறது. பாக்கெட்டின் வாய் பிளந்து வெள்ளை லைனிங்கும் வெளியே தெரிகிறது. சரிசெய்ய வழி உண்டா?
– வாசகி, ஈரோடு

பதில்: லைனிங் தெரிவதற்குக் காரணம், பாக்கெட் துணியைப் பக்கத் தையல் கோட்டிலேயே இணைத்திருப்பதுதான். பின்னாளில் பிரித்துப் போடுவதற்காக நாம் பக்கங்களில் வழக்கமாக ஓர் அங்குலம் மார்ஜின் விடுகிறோம் அல்லவா, அதை வெட்டிவிடாமல் பாக்கெட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பாக்கெட் துணியை மார்ஜினின் ஓரத்தில், கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால், இணைப்பு வாயிலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே போய்விடும். வாய் சற்றுப் பிளந்தாலும் மேல்துணிதான் கண்ணில் படும். பின்பக்கத்துப் பாக்கெட் துணியின் மேல் அதே மேல்துணியில் இரண்டு அங்குல அகலப் பட்டி ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் இன்னும் நல்லது. பாக்கெட் உள்ள இடத்தில் மட்டும் பின்னாளில் பிரித்துப் பெரிதாக்க முடியாது என்பதால், சுற்றளவைச் சற்றுத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பக்கத் தையலை அக்குளிலிருந்து தொடங்கி, வாயின் மேல் முனை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்து, தையல் இயந்திரத்தின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பி, பையின் ஓரத்தைச் சுற்றிவந்து வாயின் கீழ் முனையில் சேர்ந்து, அங்கிருந்து ஸ்லிட் வரை தொடர வேண்டும். கை நுழையும்போது முதலில் விட்டுப்போவது வாயின் இரு முனைகள்தான் என்பதால், அங்கே முன்னும் பின்னுமாகக் கெட்டித் தையல் போடுங்கள். பிறகு பின்பக்க மார்ஜினில் மட்டும், வாய்க்கு மேலும் கீழும், தையலுக்கு ஒரு நூல் முன்பாக நிற்கும்படி கத்தரித்து, பையை முன்பக்கமாகத் திருப்பி இஸ்திரி போடுங்கள். இந்த இஸ்திரியைத் தவிர்த்துவிட்டுப் பாக்கெட் உப்பியிருக்கிறது என்று குறைப்படுபவர்களே அதிகம்.

இனி, தொங்கும் பிரச்சினை. இன்றைய கைப்பேசிகள் ஏறத்தாழ 200 கிராம் எடை உள்ளவை. அந்த எடை முழுவதையும் பக்கத் தையல் ஒன்றே தாங்கினால் உடை இழுபடத்தான் செய்யும். இடுப்பில் குறுக்குத் தையல் உள்ள உடையானால் பையின் மேல் ஓரத்தை அதுவரை நீட்டி அந்தத் தையலிலேயே பிடித்துவிடலாம். உங்கள் டாப்ஸில் அது இல்லை என்றால், பையின் உள் மேல்மூலையை முன்பக்க டார்ட்டின் (உடல்வாகுக்கு ஏற்பப் பிடித்துத் தைக்கும் கூர்முனைப் பிடிப்பு) மடிப்போடு, வெளியே தெரியாதபடி நான்கைந்து கைத்தையல் போட்டு இணையுங்கள். வாயின் முன் ஓரத்தில் துணியின் கரையிலிருந்து வெட்டிய அரை அங்குலப் பட்டியை உட்புறம் வைத்துத் தைத்தால் வாய் இழுபட்டு நீளாது. ரேயானுக்கு இது கட்டாயம் தேவை.

ஸ்லிட் உள்ள உடையில் பலரும் மறப்பது ஒன்று உண்டு. இடுப்புக்கு இரண்டரை அங்குலம் கீழே தொடங்கும் ஆறு அங்குல வாய், எட்டரை அங்குலத்தில் முடியும். அதற்குக் கீழே இரண்டு அங்குலமாவது மூடிய தையல் இருக்க வேண்டுமாதலால், ஸ்லிட்டைப் பத்தரை அங்குலத்தில்தான் தொடங்க முடியும். பையும் நேராகக் கீழே இறங்காமல் முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி வெட்டப்பட வேண்டும். இல்லாவிட்டால் நடக்கும்போது ஸ்லிட் வழியே எட்டிப் பார்க்கும். உடலை ஒட்டிய டாப்ஸ் என்றால், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் கைப்பேசியின் வடிவம் தெரியும். அதற்குப் பாக்கெட்டே வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: மகளின் ஜார்ஜெட் ஸ்கர்ட்டிலும் இதே முறையில் பாக்கெட் வைக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அந்தத் துணி எடையைத் தாங்காது, பையின் நிழலும் வெளியே தெரியும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் பையைத் தனியாகத் தைத்து நாடாவால் இடுப்பில் கட்டிக்கொண்டு, பாவாடையின் பக்கத் தையலில் விட்ட திறப்பு வழியாகக் கையை நுழைத்தார்கள். அதையே நீங்களும் செய்யலாம். ஸ்கர்ட்டின் பக்கத் தையலில் ஆறு அங்குலத் திறப்பு மட்டும் விட்டு, ஓரங்களை மெல்லியதாக மடித்துத் தைத்துவிடுங்கள். பையைப் பாப்ளினில் தைத்து உள்பாவாடையின் இடுப்புப் பட்டியோடு இணைத்துவிடுங்கள்.