கால்நடை மரபியல் ஆராய்ச்சிப் பணி: கேள்வி பதில்

கேள்வி: கால்நடை மருத்துவம் படித்தவர்கள்தான் இத்துறைக்கு வர முடியுமா?

பதில்: இல்லை. உயிரியல், வேளாண்மை, புள்ளியியல் படித்தவர்களும் வருகிறார்கள். தனித்து ஆய்வு நடத்த விரும்புவோருக்கு முனைவர் பட்டம் பெரும்பாலும் தேவைப்படும். புள்ளியியலைக் கண்டு ஒதுங்குகிறவர்களுக்கு இத்துறை ஒத்துவராது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வேலை முழுவதும் ஆய்வகத்திலா?

பதில்: பெரும்பகுதி கணினி முன்புதான், ஆனால் கணினிக்கு வரும் தரவு தொழுவத்தில் பிறக்கிறது. அங்கே காதுத்தோட்டின் எண்ணைத் தவறாக எழுதினால், கன்றுக்கு வேறொரு தந்தை பதிவாகிவிடும். அந்தத் தவறை டிஎன்ஏ சோதனை காட்டிக்கொடுக்கும். மரபணுக் குறிப்பான் (விலங்குக்கு விலங்கு மாறுபடும் டிஎன்ஏ இடம்) ஒன்றில் பொலிகாளையின் இரு பிரதிகளிலும் ‘ஏ’ என்ற டிஎன்ஏ எழுத்து இருக்க, கன்றின் இரண்டிலும் ‘ஜி’ இருந்தால், தந்தையிடமிருந்து ஒரு பிரதியைப் பெற்றிருக்க வேண்டிய கன்றுக்கு அது பொருந்தாது. இத்தகைய முரண் ஓரிரு இடங்களில் மட்டும் தென்பட்டால் அது சோதனைப் பிழையாக இருக்கலாம். நூற்றுக்கணக்கில் தென்பட்டால் வம்சாவளிப் பதிவே தவறு. இப்படிப் பதிவுகளைச் சலிப்பதை எடுபிடி வேலை என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. என் பார்வையில் ஆராய்ச்சியே அங்குதான் தொடங்குகிறது.

கேள்வி: ஒரு மரபணுவைக் கண்டறிய எவ்வளவு காலமாகும்?

பதில்: ஆஸ்திரேலியாவின் புரூலா மெரினோ ஆடுகள் ஓர் ஈற்றில் பல குட்டிகள் ஈனுவதற்கு ஒற்றை மரபணுவே காரணம் என்ற கருத்து 1980களின் தொடக்கத்தில் எழுந்தது. அந்த மரபணுவில் உள்ள மாற்றத்தை மூன்று குழுக்கள் தனித்தனியே அடையாளம் கண்டது 2001இல்தான். இன்றைய கருவிகள் தேடலை வெகுவாகச் சுருக்கியிருக்கின்றன; எனினும் ஈற்று ஈற்றாகக் குட்டிகளை எண்ணி எழுதிவைத்தவர்கள் இல்லாமல் தேடுவதற்கே எதுவும் இருந்திருக்காது.

கேள்வி: மரபணுத் திருத்தம் வந்த பிறகு, தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யும் ஆய்வுக்கு இடமிருக்கிறதா?

பதில்: தாராளமாக இருக்கிறது. பன்றியின் சிடி163 மரபணுவைச் செயலிழக்கச் செய்து ஒரு வைரஸ் நோயைத் தடுத்ததைப் போல, ஒற்றை மரபணுவே நோய்க்கு வாசலாக உள்ள இடத்தில் திருத்தம் வலிமையானது. பால் அளவோ மரபணுத்தொகுதி எங்கும் சிதறிக் கிடக்கும் எண்ணற்ற சிறு விளைவுகளின் கூட்டுத்தொகை. 2001இல் மேவிசன், ஹேய்ஸ், காடார்ட் ஆகிய மரபியல் ஆய்வாளர்கள் முன்வைத்த முறை அவ்விளைவுகளை ஒருசேர மதிப்பிடுகிறது. முன்பு மகள்கள் கறவைக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அறிந்த பொலிகாளையின் தரத்தை, இன்று அது கன்றாக இருக்கும்போதே டிஎன்ஏவைக் கொண்டு கணிக்கிறோம். தலைமுறைகள் கடக்கக் கடக்கக் கணிப்பின் துல்லியம் குறைவதால், புதிய கறவைப் பதிவுகளைச் சேர்த்து மதிப்பீடுகளைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.