கரையிலிருந்து கப்பல் பார்ப்போர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய பயணிகள் கப்பல்களைத் தேடிப் பார்ப்பது, படமெடுப்பது, பதிவு வைப்பது குறித்து இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் சில.

கேள்வி: கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலியில் இன்னும் ‘கட்டப்பட்டுள்ளது’ என்றே காட்டுகிறது. சேருமிடமும் போன வாரத் துறைமுகம். எதைத்தான் நம்புவது?

பதில்: திரையில் வருவதெல்லாம் ஒரே தரமான தகவல் இல்லை. கப்பலின் ஏ.ஐ.எஸ். கருவி (தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலியில் தானாகச் சொல்லும் கருவி), இடத்தையும் வேகத்தையும் ஜி.பி.எஸ்.ஸிடமிருந்து தானே வாங்கி அனுப்புகிறது. அவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ‘கட்டப்பட்டுள்ளது’, ‘நங்கூரமிட்டுள்ளது’ போன்ற நிலை, சேருமிடம், வந்துசேரும் நேரம், நீரில் மூழ்கியிருக்கும் ஆழம் ஆகியவற்றை பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் அறையில் இருக்கும் அதிகாரிதான் கையால் மாற்ற வேண்டும். கயிறு அவிழ்க்கிற நேரத்தில் அவருக்கு வேறு கவலைகள் இருக்கும்.

மறந்தால் இன்னொரு விளைவும் உண்டு. கட்டிக் கிடக்கும் கப்பலின் கருவி 3 நிமிடத்துக்கு ஒரு முறைதான் தன் இடத்தைச் சொல்லும். ஓடும் கப்பல் 14 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகம் வரை 10 வினாடிக்கு ஒரு முறையும், 14 முதல் 23 நாட் வரை 6 வினாடிக்கு ஒரு முறையும், அதற்கும் மேலே போனால் 2 வினாடிக்கு ஒரு முறையும் சொல்லும். நிலையை மாற்றாமல் விட்டால், 3 நாட் தாண்டும்வரை அது கட்டிக் கிடப்பதாகவே நினைத்து 3 நிமிட இடைவெளியில்தான் பேசும். படத்தில் கப்பல் திடீரென்று தாவிக் குதிப்பது அதனால்தான்.

ஆகவே நிலையைப் பார்க்காதீர்கள். வேகத்தையும் கப்பலின் முகம் திரும்பியிருக்கும் திசையையும் பாருங்கள். 0.1, 0.2 என்று வருவது ஜி.பி.எஸ். தடுமாற்றம். 0.5-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய், முகமும் சில டிகிரி திரும்பினால் கயிறு அவிழ்ந்துவிட்டது. வந்துசேரும் நேரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கருவி அனுப்புவது உலகப் பொது நேரம், அதாவது யு.டி.சி. சில தளங்கள் அதை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும், சில மாற்றாது. அதிகாரியே உள்ளூர் நேரத்தைத் தட்டிவிடுவதும் உண்டு. மீதமுள்ள கடல் மைலை இப்போதைய வேகத்தால் நீங்களே வகுத்துப் பார்த்தால் எது சரி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: நடுக்கடலில் கப்பல் காணாமல் போகிறதே, கருவியை அணைத்துவிடுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஏ.ஐ.எஸ். வி.எச்.எஃப். அலைவரிசையில் வேலை செய்கிறது. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு குறுக்கே வந்தால் நின்றுவிடும். கரையில் உள்ள ஆன்டெனாவுக்கு எட்டாத தூரம் போனால், இலவசக் கணக்கில் கப்பல் கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். அந்தத் தகவலின் வயது எத்தனை மணி நேரம் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். செயற்கைக்கோள் வழியாக வரும் இடத்துக்குத் தனிக் கட்டணம். நெரிசலான கடலில் அதுவும் தடுமாறும். கப்பல்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பேசிக்கொள்வது சில பத்து மைல் வட்டத்துக்குள்தான். வானிலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கோ பல வட்டங்களின் பேச்சு ஒரே நொடியில் வந்து மோதுகிறது.

கேள்வி: கப்பல் துறைமுகக் கட்டடத்தின் மேல் ஏறி நிற்பதுபோல் தெரிகிறது. ஏன்?

பதில்: ஜி.பி.எஸ். ஆன்டெனா கப்பலின் எந்த மூலையில் இருக்கிறது என்ற அளவைக் கருவியில் தப்பாகப் பதிந்திருப்பார்கள். 340 மீட்டர் கப்பலில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாற்றிப் பதிந்தால் பிழை நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் போகும். பல கப்பல்கள் ஒரே நேரத்தில் கரையேறினால் அது வேறு கதை: ஜி.பி.எஸ். சமிக்ஞையில் யாரோ குறுக்கிடுகிறார்கள். கருங்கடல், பால்டிக், கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதிகளில் இது வழக்கமாகிவிட்டது.

கேள்வி: நான் பதிந்து வைத்திருந்த கப்பல் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது. விற்றுவிட்டார்களா?

பதில்: பெயரை வைத்துப் பதிந்திருப்பீர்கள். கப்பலுக்குப் பெயர் நிலையில்லாதது. 1990-இல் ‘நார்டிக் எம்ப்ரெஸ்’ என்று வந்த கப்பல் 2004-இல் ‘எம்ப்ரெஸ் ஆஃப் த சீஸ்’ ஆனது. 2008-இல் வெறும் ‘எம்ப்ரெஸ்’. 2016-இல் திரும்பவும் ‘எம்ப்ரெஸ் ஆஃப் த சீஸ்’. பிறகு கை மாறி மீண்டும் ‘எம்ப்ரெஸ்’. எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் 9 இலக்க வானொலி எண்ணும் நிலையில்லை. அதன் முதல் மூன்று இலக்கம் கொடியைச் சொல்கிறது: 310 என்றால் பெர்முடா, 232 முதல் 235 வரை பிரிட்டன், 308, 309, 311 பஹாமாஸ். ‘குயின் மேரி 2’ 2011-இல் சவுத்தாம்ப்டன் பதிவிலிருந்து பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாறியபோது அதன் எண்ணும் மாறியது.

மாறாதது ஐ.எம்.ஓ. எண், அதாவது சர்வதேச கடல்சார் அமைப்பின் பெயரிலான பதிவு எண். 7 இலக்கம், கப்பல் உடைபடும்வரை அதேதான். எழுதும்போது பிழை வந்ததா என்று கையாலேயே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘குயின் மேரி 2’-இன் எண் 9241061. 63, 12, 20, 4, 0, 12, மொத்தம் 111, கடைசி இலக்கம் 1. சரி.

கணினியில் பட்டியல் வைத்தால் முதல் கட்டம் இந்த எண்தான். பெயர், கொடி, நிறுவனம் மூன்றையும் தேதியோடு தனித்தனி வரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால், நாலு வருடம் கழித்துப் பழைய படங்களை யாராலும் பொருத்த முடியாது. பயணிகள் கப்பலில் இந்த எண்ணை வானிலிருந்து தெரியும்படி மேல்தளத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. டிரோன் படம் கிடைத்தால் அங்கே தேடுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஏ.ஐ.எஸ். சமிக்ஞை பெறும் கருவி அமைக்க வேண்டும். என்னென்ன தேவை? எவ்வளவு தூரம் கிடைக்கும்?

பதில்: ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். எனப்படும் யு.எஸ்.பி. டாங்கிள் (வானொலி அலையைப் பிடித்துக் கணினிக்குத் தரும் சிறு கருவி) ஒன்று, ராஸ்பெர்ரி பை எனும் சிறு கணினி அல்லது பழைய கணினி ஒன்று, ஏ.ஐ.எஸ்.-கேட்சர் மென்பொருள், ஒரு ஆன்டெனா. கேட்க வேண்டிய அலைவரிசைகள் இரண்டு: 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ்.

செலவு செய்வதானால் உயரத்துக்குச் செய்யுங்கள். உங்கள் ஆன்டெனாவின் உயரத்துக்கும் கப்பல் ஆன்டெனாவின் உயரத்துக்கும் மீட்டரில் வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் கூட்டி 2.2-ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம் வரும். உங்களுடையது 9 மீட்டர், கப்பலுடையது 49 மீட்டர் என்றால் 3-உம் 7-உம் 10. 22 கடல் மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். சொகுசுக் கப்பல்களின் ஆன்டெனா உயரத்தில் இருப்பதால் சின்னச் சரக்குக் கப்பலைவிட முன்னதாகவே காதில் விழும்.

ஆன்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். 44 செ.மீ. நீளப் பித்தளை அல்லது செம்புக் கம்பி நட்டநடுவே செங்குத்தாக. அதன் அடியில் 46 செ.மீ. கம்பிகள் நான்கு, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்து. நடுக்கம்பி இணைப்பானின் நடு ஊசியில் சேர வேண்டும், நான்கும் வெளி உடலில். இரண்டும் ஒன்றோடொன்று தொட்டால் ஒன்றுமே வராது. படுக்கவைத்துப் பொருத்தினாலும் பாதிக் கப்பல்கள் காணாமல் போகும், ஏனென்றால் கப்பலின் ஆன்டெனா செங்குத்தானது.

அடுத்துக் கெடுப்பது கேபிள். ஆர்.ஜி.-58 கேபிள் 10 மீட்டரில் ஏறக்குறைய 2 டெசிபெல் சமிக்ஞையை விழுங்கும், மெல்லிய ஆர்.ஜி.-174 அதைப்போல் இரு மடங்கு. டாங்கிளையும் ராஸ்பெர்ரி பை கணினியையும் ஆன்டெனா அருகிலேயே ஒரு மழை புகாத பெட்டியில் வைத்து, வீட்டுக்கு நெட்வொர்க் கேபிளை இழுப்பதே மேல். யு.எஸ்.பி. கேபிளை 5 மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள். இணைப்புகளைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். மழைநீர் கேபிளுக்குள் இறங்கிவிட்டால் காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் கப்பல் வரவில்லையா? இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். மலிவு டாங்கிளில் அலைவரிசை 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை விலகும், 162 மெகாஹெர்ட்ஸில் அது 8 கிலோஹெர்ட்ஸ். சானலின் அகலமே 25 கிலோஹெர்ட்ஸ்தான். அலைவரிசையை நிலையாக வைக்கும் டி.சி.எக்ஸ்.ஓ. உள்ள டாங்கிளில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, பக்கத்தில் எஃப்.எம். கோபுரம். அதன் இரைச்சலில் டாங்கிள் திணறும். கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, உச்சத்தில் வைப்பது இதை மோசமாக்கும். ஒவ்வொரு படியாகக் குறைத்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை செய்திகள் வந்தன என்று எண்ணுங்கள். அதிகம் வரும் படிதான் உங்களுடையது. பிறகும் தேறாவிட்டால் 162 மெகாஹெர்ட்ஸ் பில்டர் ஒன்று போடுங்கள்.

கேள்வி: துறைமுகமும் பைலட்டும் (கப்பலைத் துறைமுகத்தில் வழிநடத்துபவர்) பேசுவதையும் கேட்கலாமா?

பதில்: கருவி கேட்கும். சட்டம் அனுமதிக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு வேறு. முதலில் அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளைக் கப்பல் படத்தில் சாம்பல் நிறமாக வருகிறது. தூரத்துக் கப்பல் நெளிகிறது. லென்ஸை மாற்றலாமா?

பதில்: முதலாவது, கேமராவின் ஒளி அளவி செய்யும் பிழை. படச் சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் அது வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கும். எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள். கரும்பாறை, மலையின் முன்னே கப்பல் சிறிதாக வந்தால் நேர்மாறாகக் குறையுங்கள். நெளிவுக்கு லென்ஸ் மருந்தில்லை. நீருக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் ஏறும்போது இடையிலுள்ள காற்றே அலைகிறது; எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதைத்தான் பெரிதாக்கிக் காட்டும். விடியற்காலையில் எடுங்கள், அல்லது கிட்டே போங்கள்.

ஆனால் கப்பலின் காலடியில் நிற்காதீர்கள். அகல லென்ஸில் மூக்கு ஊதிப் பெருத்துவிடும். 400, 500 மீட்டர் தள்ளி, 100 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸில், முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் கோணம்தான் அழகு. ஷட்டர் 1/500. எங்கே நிற்பது என்று முடிவு செய்யும் முன், கப்பல் எந்தத் திசை பார்த்துக் கட்டியிருக்கிறது, எந்த இடத்தில் திரும்பும் என்று முந்தைய வருகையின் தடத்தை எடுத்துப் பாருங்கள். கிளம்பப்போவதை அறிவிக்கும் நேரம் வெறும் உத்தேசம். பயணிகள் ஏறும் பாலம் விலகுவது, கயிறுகள் ஒவ்வொன்றாகக் குறைவது, பைலட் ஏறியதைச் சொல்லும் பாதி வெள்ளை பாதி சிவப்புக் கொடி, முன்பக்கத் த்ரஸ்டர் (கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி) அடியில் நீர் கலங்குவது இவைதான் கணக்கு.

கேள்வி: ஒரே அச்சில் வார்த்த கப்பல்களைப் பெயர் தெரியாத தூரத்தில் எப்படிப் பிரிப்பது?

பதில்: நிறுவனத்தைப் புகைபோக்கியே சொல்லிவிடும். கார்னிவலுக்கு இரு பக்கமும் விரிந்த சிறகு, கோஸ்டாவுக்கு மஞ்சள் நிறத்தில் நீல ‘சி’, செலிப்ரிட்டிக்கு ‘எக்ஸ்’. ஐடா கப்பல்களுக்குப் புகைபோக்கியே வேண்டாம், மூக்கில் வரைந்த சிவப்பு உதடு போதும். சகோதரக் கப்பல்களைப் பிரிப்பதில்தான் கவனம் வேண்டும். பழைய குறிப்புகள் ஏமாற்றும். ‘ஹார்மனி ஆஃப் த சீஸ்’ 2016-இல் பின்பக்கம் உயரமான சறுக்குக் குழாய்களோடு வந்தது. ‘ஓயசிஸ் ஆஃப் த சீஸ்’-இல் அவை இல்லை என்பதை அடையாளமாக வைத்திருந்தவர்கள் 2019-இல் அதிலும் பொருத்தியதும் குழம்பினார்கள். அடையாளம் எழுதும்போது ஆண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: புதிய கப்பல் தளத்திலிருந்து கடலுக்கு வருவதைப் பார்க்க எங்கே போகலாம்?

பதில்: ஜெர்மனியின் பாப்பன்பர்க். மேயர் தளம் கடலிலிருந்து உள்ளே, எம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. கப்பல் பின்னோக்கி வரும்! குறுகிய ஆற்றில் இழுவைப் படகுகளின் துணையோடு அப்படிப் போனால்தான் கட்டுப்பாடு கைக்குள் இருக்கும். கேன்டர்சம் என்ற இடத்தில் உள்ள தடுப்பணையை மூடி ஆற்றின் மட்டத்தை உயர்த்திய பிறகே கிளப்புவார்கள். ஆகவே தேதி காற்றுக்கும் ஓதத்துக்கும் கட்டுப்பட்டது. திரும்பும் டிக்கெட்டை மாற்ற முடியாததாக எடுக்காதீர்கள்.

பாலங்களும் நல்ல இடம். 2009-இல் ‘ஓயசிஸ் ஆஃப் த சீஸ்’ பின்லாந்தின் துர்க்குவிலிருந்து வந்தபோது, டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தின் 65 மீட்டர் இடைவெளிக்குக் கப்பல் உயரம். புகைபோக்கிகளைத் தொலைநோக்கிக் குழாய்போல் உள்ளே இறக்கி, வேகத்தையும் கூட்டினார்கள். ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போகும் கப்பல் சற்று அமிழும்; அந்தக் கொஞ்சமும் தேவைப்பட்டது.

கேள்வி: ஒரு கப்பல் உடைபடப் போகிறது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: கால அட்டவணையிலிருந்து நீங்கும். பெயரில் சில எழுத்துகளை மட்டும் வர்ணம் பூசி மறைப்பார்கள். கொடி மாறும். பிறகு சேருமிடம் துருக்கியின் அலியாகா அல்லது இந்தியாவின் அலங் என்று வரும். 2020-இல் ‘கார்னிவல் ஃபேன்டசி’, ‘சாவரின்’, ‘மோனார்க்’ மூன்றும் அலியாகாவில்தான் முடிந்தன. உலர்துறைக்குப் போவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 5 ஆண்டில் குறைந்தது 2 முறை கப்பலின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை, சில வாரம் காணாமல் போய்த் திரும்பி வரும்.

கேள்வி: கப்பல் ஊதும் ஒலிகளுக்கு அர்த்தம் உண்டா, இல்லை விடைபெறும் சம்பிரதாயமா?

பதில்: இரண்டும் உண்டு. ஒரு குறுஒலி: வலப்புறம் திரும்புகிறேன். இரண்டு: இடப்புறம். மூன்று: என் இயந்திரம் பின்னோக்கி ஓடுகிறது. ஐந்தோ அதற்கு மேலோ: உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை. நீண்ட ஒலி என்றால் 4 முதல் 6 வினாடி. ஏழு குறுஒலியும் ஒரு நீண்ட ஒலியும் அவசர அழைப்பு; துறைமுகத்தில் கேட்டால் அது பெரும்பாலும் பயிற்சிதான். பாட்டு வாசித்தால் அது எந்த விதியிலும் இல்லை, அந்த நிறுவனத்தின் விளம்பரம்.

கேள்வி: ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ சுமார் 2,48,000 டன் என்கிறார்கள். அவ்வளவு எடையா?

பதில்: எடையே இல்லை. அது கிராஸ் டன்னேஜ். மூடிய இடத்தின் கொள்ளளவிலிருந்து ஒரு சூத்திரத்தில் வரும் எண், அலகு கிடையாது. எடையைச் சொல்வது டிஸ்பிளேஸ்மென்ட் என்ற வேறு எண்.